ஞாயிற்றுக்கிழமையின் விலை

பிரெஸ்டில் எனக்கு முதலில் தந்தது
மேல்மாடியில் ஓர் அறை. சாய்ந்த கூரை.
தலை இடிக்கும் இடத்தில்
எனக்கு முன்பிருந்தவள் ஒட்டிய பஞ்சு.
பிறகு இரண்டு பிள்ளைகள்.

லிசோனுக்கு மூன்று வயது,
மூன்றாம் நாளே மடியில் தூங்கிவிட்டாள்.
ஓக்டாவுக்கு ஏழு.
மூன்று வாரம் என்னோடு பேசவில்லை,
திருத்துவதற்கு மட்டும் வாய் திறந்தான்.

நாற்காலி அவள், தெக்லே. அவன் இல்லை.
கரண்டி அவள். கத்தி அவன்.
முள்கரண்டியும் அவள்தான்,
ஏன் என்று கேட்காதே.

நான் ஜார்ஜியாக்காரி.
எங்கள் மொழியில் மனிதருக்கே அவன், அவள் கிடையாது.
ஒரே சொல்லுக்குள் நெருக்கி உட்கார்ந்துகொள்வோம்.
இங்கே உப்பும் ஆண்பிள்ளை.

நவம்பரில் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது:
வகுப்பில் பேன்.
பெரெனிஸுக்கு மருத்துவமனையில் இரவு வேலை,
கணவர் கப்பலில், எந்தக் கடலென்று சொல்லக்கூடாதாம்.
சமையலறை விளக்கடியில் வெள்ளைத் துண்டு விரித்தேன்.
ஓக்டாவின் தலை என் முழங்காலில்,
பிடிக்காத விருந்தாளி வீட்டில் உட்காருவதுபோல.
ஏழாவது பேனுக்குப் பிறகு பெயர் வைக்கத் தொடங்கினான்.
பதினேழாவது,
தலைமையாசிரியை.
பேன் அவன்தானே, என்றேன்.
யோசித்தான். வெகுநேரம் யோசித்தான்.
அன்றுதான் இலக்கணம் தோற்று
இருவரும் சிரித்தோம்.

உங்கள் ஊரில் அப்பாவுக்கு என்ன சொல்?
மாமா, என்றேன்.
லிசோனுக்கு விக்கல் வரும்வரை சிரிப்பு.
டிசம்பரில் கப்பல் திரும்பியது.
வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்றவரை நோக்கி
மாமா மாமா என்று ஓடினாள்.
பிரெஞ்சுக் காதில் அது அம்மா.
அவர் மனைவியைப் பார்த்தார்,
மனைவி என்னைப் பார்த்தாள்,
என் கல்லில் தோசைபோல் ஒன்று, இவர்கள் கிரேப் என்பது,
கருகிக்கொண்டிருந்தது.

அதற்குள் என் தலையும் அரித்தது.
ஸ்டூலில் ஏறி நின்று ஓக்டாவ் வாரினான்,
வலிக்க வலிக்க.
அந்த ஊரில் அதுவரை
யாரும் என் தலையைத் தொட்டதில்லை.

பிப்ரவரியில் டிராம் நிறுத்தத்தில் லிசோன் விழுந்தாள்.
பெரெனிஸ் மண்டியிட்டுக் கைகளை விரித்தாள்.
குழந்தை அவளைத் தாண்டி என்னிடம் வந்தது.
குனிந்து
கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்,
மறுபடி அவிழ்த்துக் கட்டினேன்,
அழுகை வேறு வழி பார்த்துப் போகும்வரை.
அன்றிரவு தட்டுகளைப் பெரெனிஸே கழுவினாள். சத்தமாக.

மாதக் கடைசி. குளிர்பெட்டி மேல் உறை.
என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவன் கேட்டான்:
எங்களோடு இருக்க உனக்குக் காசு தருகிறார்களா?
ஆமாம்.
விளையாடவுமா?
அதற்கும்.
பேனுக்கு?
பேனுக்குத் தனியாக இல்லை.
மாடிப்படி ஏறிப் போனான்.
இரண்டு நாள் மறுபடியும்
நாற்காலி அவள், தெக்லே.

சனிக்கிழமை அவன் பல் விழுந்தது.
இந்த நாட்டில் விழுந்த பல்லுக்கு எலி வந்து காசு வைக்கும்.
ஞாயிறு எனக்கு விடுமுறை.
பஸ் ஏறிக் கடல்முனைவரை போக,
யாருக்கும் மூக்குத் துடைக்காமல் ஒரு காபி குடிக்க
இருந்தேன்.
ஏழு மணிக்குக் கதவைத் தட்டினான்.
உள்ளங்கையில் இரண்டு யூரோ, வியர்த்திருந்தது.
இன்றைக்கு இது போதுமா?

காசு வேண்டாம் கண்ணே என்று
நல்லவள் எவளாவது சொல்லியிருப்பாள்.
ஓட்டைப் பல்லோடு நிமிர்ந்து நின்றான்,
பல்லை விற்று வந்தவன்.
வாங்கினேன். கடித்துப் பார்த்தேன்.
செல்லும், என்றேன்.

எவ்வளவு நேரத்துக்கு?
ஜன்னலைப் பார்த்தேன்.
மழை நிற்கும்வரை.

பிரெஸ்டில்
அது நீண்ட ஒப்பந்தம்.