கேள்வி பதினொன்று

மண்டபத்தில் இறங்கும்போது கச்சான் காற்று.
இருபத்தாறு படிவங்களையும் பறக்கவிடாமல்
நெஞ்சோடு அணைத்து நடந்தேன்,
யாரோ கொடுத்துப் போன கைக்குழந்தை மாதிரி.

ஆறு மாதத்துக்கு முன் இந்த விடுதியில் மூன்று நாள் பயிற்சி.
தலைப்பு: வேற்றுமையை மதிக்கும் முதியோர் பராமரிப்பு.
மதியம் பிரியாணி, சைவருக்குத் தனிப் பந்தி,
கடைசி நாள் இருபது மதிப்பெண்ணுக்குத் தேர்வு,
லேமினேட் போட்ட சான்றிதழ்.
அதெல்லாம் பலித்ததா என்று பார்க்க
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிட வேண்டும்.

நம்புசெல்வி, இருபதுக்கு ஏழு.
ராத்திரி டூட்டி முடிந்து வந்தவள்
இரண்டாம் நாள் முழுக்கத் தூங்கினாள் என்று
ஓரத்தில் பென்சில் குறிப்பு.

அவள் வார்டில், ஆறாம் கட்டிலின் அடியில்
சிமெண்டுத் தரையில் நாலு கீறல்,
பிறை பிறையாய் வளைந்து.
"இதென்ன?"
"சுலைகா பீவி கட்டிலு மேடம். உக்கார ஏலாது அதுக்கு.
தொழுகைக்கு மேக்க பாத்துத் திருப்பி விடுவேன்.
அஞ்சு நேரமும் முடியாது,
கூட ஆள் இருந்தா மூணு."
"பயிற்சியில் சொன்னார்களா?"
"அதுக்கு முந்தியே திருப்புறேனே.
தரையக் கெடுத்தேன்னு முந்நூறு ரூவா புடிச்சாக."

என் அட்டவணையில் 'முன்பு' ஒரு கட்டம்,
'பின்பு' ஒரு கட்டம்.
இரண்டிலும் ஐந்து. கழித்தால் பூஜ்யம்.
நிதி கொடுத்தவர்களுக்கு அது தோல்விக் கணக்கு.
கணக்கு கிடக்கட்டும் என்று
அவளுக்காக ஒரு பத்தி எழுதத் தொடங்கினேன்.

மாத்திரை நேரம் வந்தது.

பத்தாம் கட்டில் முனியாயி.
வாலிநோக்கம் உப்பளத்தில் முப்பது வருசம் நின்ற கால்கள்.
நம்புசெல்வி ஒரு முழம் மேலிருந்து
அவள் உள்ளங்கையில் மாத்திரையைப் போட்டாள்.
அலட்சியம் இல்லை அதில்,
குறி தப்பாத, பழகிய கை.
தண்ணீரும் அப்படியே, மேலிருந்து ஒழுக்காக.
முனியாயியும் தன் பங்குக்கு
கையைக் குழித்துத் தாழ்த்தியே வைத்திருந்தாள்.
நடுவில் அந்த ஒரு முழக் காற்று.
அதற்கு யாரும் மூன்று நாள் வகுப்பெடுத்திருக்கவில்லை.

எழுதிய பத்தியை அடிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை.

பிறகு ரெக்ஸ்டன் வந்தான், மதிப்பெண் பத்தொன்பது.
அதே முனியாயியின் கால் புண்ணை
மடியில் தூக்கி வைத்துத் துடைத்தான்,
ஒரு காதில் பாட்டு,
அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல்.
இவனுக்கு எத்தனை போட?

கேள்வி பதினொன்று:
'பணியாளர் எல்லாப் பின்னணியினரையும் சமமாக நடத்துகிறாரா?'
முதல் வரைவில் நான் 'சாதி' என்றுதான் எழுதினேன்.
'பின்னணி' போதுமே என்று பதில் வந்தது.
மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தேன்.
இந்த மாத வாடகை அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

முனியாயியிடமே கேட்டேன்.
"நல்லாத்தான் பாக்குதுக.
அந்தப் புள்ள நடுச்சாமத்துல கூப்புட்டாலும் வந்துரும்."
போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு,
"கிட்ட வராது.
ஆனா வரும்."

படிவத்தில் அரை எண்கள் கிடையாது.

பேருந்துக்கு வழிகாட்ட நம்புசெல்வியே கூட வந்தாள்.
வடக்கே பெண்கடல் தட்டில் ஊற்றியது போல் கிடக்க
தெற்கே ஆண்கடல் இரைந்தது.
"மேடத்துக்கு எந்த ஊரு?"
"மதுரை."
"மதுரையில எங்கிட்டு?"
"ஆரப்பாளையம் பக்கம்."
"சொந்த ஊரே அதானா,
இல்ல அப்பா ஊரு வேறயா?"

அவள் படிவத்திலும் அந்தச் சொல் இல்லை.

உச்சிப்புளி பஸ் தூரத்தில் தூசியாகத் தெரிந்தது.
"பஸ் வந்துருச்சு" என்றேன்.
பறக்கப் பார்த்த தாள்களை ஒரு கையால் அமுக்கி
மறு கையால் என் முழங்கையைப் பிடித்து
படியேற்றி விட்டாள்.

நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.