மாதையன் மாதையன்

குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விடமுடியவில்லை.
டிக்கெட் போட்ட பையன்
என் பெயரையே இன்னொரு தரம் அடித்துவிட்டான்.
தேவனஹள்ளியில், விடிவதற்கு முன்,
அத்தனை நீள வரிசையில்
ரெண்டு பேராய் நின்றவன் நான் மட்டும்தான்.

"நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம்."

ஏன் என்றேன்.
சும்மா, ரேண்டம் என்றார்.
கழுத்தில் தலையணை மாட்டியவர்
என்னைத் தாண்டிக் காபிக்குப் போனார்.
எனக்கொரு மேடை, அதில் வரைந்த இரண்டு பாதம்.
கையை விரித்தேன்,
சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி.

திரும்பி வர டிக்கெட்?
இல்லை.
எப்போ எடுத்தது?
நேற்று ராத்திரி.
பெட்டி?
இந்தப் பைதான். ஒரு சட்டை, ஒரு கணக்கு நோட்டு.

காசிப்பூர் மண்டியில் ஒருத்தர்
காதலர் தினத்துக்கு வாங்கிய அறுநூறு கட்டுக்கு
இன்னும் பணம் தரவில்லை,
தருகிற நாள் தெரிந்தால்தானே
திரும்புகிற நாள் தெரியும்
என்பதை எந்த மொழியில் சொல்வது என்று
நான் தேடுவதற்குள்
வெள்ளைத் துணித்துண்டு ஒன்று
உள்ளங்கையைத் துடைத்தது,
ரேகை ரேகையாய், நகக்கண் வரைக்கும்.

மெஷின் சிவப்பாய்க் கத்தியது.

மூன்று பேர் வந்தார்கள்.
பெயரும் டிக்கெட்டும் சொல்லாததைக்
கை சொல்லிவிட்டது:
முந்தாநாள் சொட்டுநீர்த் தொட்டியில்
நைட்ரேட் கரைத்த கை.
சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவியிருந்தேன்.
மோந்து பார்த்து, ஒன்றுமில்லை போ என்றாள் ருக்கு.
மெஷினுக்கு வேறு மூக்கு.

உரம் என்றேன். ரோஜா என்றேன்.
ஓசூர், பாகலூர் ரோடு, பாலிஹவுஸ்.
படம் காட்டலாமென்றால்
போன் தனியாய் ஒரு தட்டில் போய்விட்டது.

இளைய காவலர் பீதர்க்காரர். கன்னடத்தில் கேட்டார்:
பதினாலாம் தேதி ஒற்றை ரோஜா
எழுபது ரூபாய் கொடுத்து வாங்கினேன்,
அநியாயமில்லையா?
அதில் எனக்கு எட்டு ரூபாய், அதுவும் வரவில்லை என்றேன்.
சிரிக்கவில்லை.
துணியை மாற்றி இன்னொரு கையைக் கேட்டார்.
அதுவும் சிவப்பு.

பெரிய அதிகாரி கணக்கு நோட்டைப் புரட்டினார்,
வரவு, செலவு, கூலி, கரண்ட் பில்,
கடைசிப் பக்கம் பாக்கி.
உதடசைத்துப் பெருக்கிப் பார்த்தார்.
லட்சத்துக்கு நாலாயிரம் குறைச்சல்.
கணக்கு சரி என்றாரா, ஆள் சரி என்றாரா,
தெரியவில்லை. போகலாம் என்றார்.

பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நடந்தால்
தூரத்தில் வாக்கிடாக்கிப் பெண்
கடைசித் தடவையாய்க் கூவுகிறாள்:
மாதையன்! மாதையன்!

ஓடினோம்.