நாற்பத்தொன்றாவது நூல்

கவியாவ் பெய்ஷோட்டோவில் ஓடுபாதை முடிந்ததும்
ஆரஞ்சுத் தோப்பு.
விமானத்தின் வயிற்றுக்குள்ளும் அதே நிறம்தான்:
சோதனைக் கம்பிகளுக்கெல்லாம் ஆரஞ்சு உறை,
பிற்பாடு எவற்றைப் பிடுங்க வேண்டுமென்று
மறந்துவிடாமலிருக்க.

பயணிகள் உட்காரவேண்டிய இடத்தில்
தண்ணீர்ப் பீப்பாய்கள்.
அவற்றுக்கும் வார் மாட்டியிருக்கிறோம்.

ஜுசாரா ஏணிமேல் நின்று
இறக்கை முழுக்கக் கம்பளி நூல் ஒட்டுகிறாள்.
ஒரு முனைக்குப் பசை, மறு முனை காற்றுக்கு.
மகளுடைய ஸ்வெட்டரில் மிஞ்சிய சிவப்பாம்.
கிட்டங்கியிலிருந்து நூல் வரவில்லை,
யாரிடமும் சொல்லாதே என்கிறாள்.

பதினைந்தாயிரம் அடியில்
எவரால்டோ மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தார்.
நூற்று முப்பது நாட். நூற்று இருபத்தைந்து.
என் திரையில் அதிர்வுமானிகள்
தூங்கும் குழந்தையைப்போல் மூச்சுவிட்டன.
வாலிலிருந்து நீண்ட குழாயின் நுனியில்
கூம்பொன்று
கலங்காத காற்றைத் தேடிப் பின்னாலேயே வந்தது.
"ஒன்றும் தெரியவில்லை, இன்னும் குறைக்கவா?"

நூற்றுப் பதினெட்டு.
கேமராவில் நாற்பத்தொன்றாவது நூல் மட்டும்
எழுந்தது,
தயங்கியது,
காற்று வந்த திசைக்கே திரும்பிப் படுத்தது.
பிறகு அதன் பக்கத்து நூல்.

"போதும்" என்றேன்.
"ஏன்?" என்றார்.
நூல் சொல்கிறது என்று எப்படிச் சொல்ல?

இறங்கியதும் ஜுசாரா ஓடிப்போய்
நூலைத்தான் முதலில் இழுத்துப் பார்த்தாள்.
என் பசை நன்றாகத்தான் இருக்கு, என்றாள்
யாரும் கேட்காமலே.

அறிக்கைப் படிவத்தில்
கருவியின் பெயர், தயாரித்த நிறுவனம், அளவுத்திருத்தம் செய்த தேதி.
வெகுநேரம் பேனாவைக் கடித்தேன்.