கருகினது ஒன்று

மாங்குளம் சந்தியில் பத்தரைக்குப் பிறகு
ஏ-நைன் றோட்டுக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.
கொத்துத் தகடு ஆறும்போது
தானாக டிக் டிக் என்னும்.
அப்போதுதான் டிலக்சன் போனைச்
சோஸ் போத்தலில் சாய்த்து வைப்பான்.

இரண்டாம் சீசன், ஆறாம் எபிசோட்.
எங்கேயோ ஒரு துறைமுகத்தில்
மீன்சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவள்
இன்றைக்கும் ஒன்றும் செய்யவில்லை.
குளிரறையைக் கழுவுகிறாள்.
இருபத்தொரு நிமிடம் கழுவுகிறாள்.

"முதல் சீசனில கடை எரிஞ்சது.
பங்காளி காசோட மாறினவன்.
வட்டிக்காரன் கத்தியோட வந்தவன்.
இப்ப பாத்தா வாளியும் தும்புத்தடியும்.
கதை செத்துப்போச்சு" என்றான் டிலக்சன்.

"அப்ப அவள் ஓடிக்கொண்டிருந்தவள்.
ஓடுற ஆளின்ர முகம் ஆருக்குத் தெரியும்?
இப்பதான் நிண்டிருக்கிறாள், வடிவாப் பார்"
பிளேன்ரீ ஆற்றியபடி வேணுஜா.

"முகம் பாக்க நானென்ன
கலியாணமே பேசப் போறன்?"

தம்புள்ளைக்கு லொறி கொண்டுபோகிற யோகராசா
முட்டைக்கொத்தின் பாதியில் நிமிர்ந்தார்.
"அவள் சமைச்சதை ஒருநாளும்
தன்ர வாயில வைக்கிறேல்லை, கவனிச்சனீங்களோ?
அது ஏனெண்டு சொல்லாமல்
இவங்கள் முடிக்கேலாது."

"சொன்னாக் கெட்டுப்போகும்."
"சொல்லாட்டி நான் இனிப் பாக்கமாட்டன்."

ரொட்டி உருண்டைகளை ஈரச்சீலையால் மூடிக்கொண்டு
நேசமலர் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று:
"ஒரு கிழமையாக் கடை பூட்டு.
அந்தக் கோப்பை கழுவுற பெடியனுக்கு
ஆர் சம்பளம் குடுக்கிறது?"

எங்கள் கோப்பை கழுவுகிற பெடியன் சாருஜன்
அன்றுதான் முதல்முறை
திரைப்பக்கம் திரும்பினான்.

நான் கல்லாவில். எந்தப் பக்கமும் சேரவில்லை.
என் கொப்பியில் எல்லாம் சம்பவம்:
மா இருபத்தைந்து கிலோ. முட்டை ஆறு தட்டு.
புதனோடு காஸ் முடிந்தது.
யார் பசியோடு வந்தார், யார் சும்மா வந்து இருந்தார்
கொப்பிக்கு அது தேவையில்லை.

பதினொன்று இருபதுக்குப் பருத்தித்துறை பஸ் வந்து நின்றது.
நாற்பத்திரண்டு பேர்,
அதில் ஒருவருக்குக் கொத்தில் கறிவேப்பிலை கூடாது.
டிலக்சன் இரண்டு தகட்டையும் தூக்கினான்.
அந்தச் சத்தத்துக்குள் எவருடைய வசனமும் கேட்காது.
போன் போத்தலோடு சாய்ந்தபடி
தனியே ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் போய், மேசை துடைத்த பிறகு
சாருஜன் மெல்லச் சொன்னான்:
"அண்ணை, அவள் வாயில வைச்சவள்."

"எதை?"
"ஏதோ கரண்டியால. சூப்பாக்கும்."
"பிறகு?" என்றான் டிலக்சன்.
"முகம் எப்பிடி இருந்தது?" என்றாள் வேணுஜா.
"தெரியேல்லை.
நான் கோப்பை எடுக்கத் திரும்பினனான்."

பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்கள்.
டேற்றா முடிந்திருந்தது.
திரையின் நடுவில் ஒரு வட்டம்
சுற்றிச் சுற்றி நின்றது.
பிழை பஸ்ஸிலா, கறிவேப்பிலைக்காரரிலா என்று
இன்னும் பத்து நிமிடம் சண்டை.
யோகராசா சிரித்துக்கொண்டே லொறிக்குப் போனார்.

நேசமலர் அக்கா கடைசி ரொட்டியைப்
பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா.
ஆறு வருடமாக, ஒவ்வொரு இரவும்.
தனியே இருக்கிறவ.
நெஞ்செரிவென்று இரவில் சாப்பிடமாட்டா.
நாயும் இல்லை.
முதல் மாதம் கேட்க நினைத்தேன்.
இரண்டாம் மாதம் கணக்கு இடித்தபோது
கேட்பதற்குப் பதிலாக எழுதத் தொடங்கினேன்:
கருகினது ஒன்று.

ஆனால் அந்த ரொட்டி கருகுவதே இல்லை.
நெருப்பைத் தணித்து, அதை மட்டும்
இரண்டு தரம் கூடத் திருப்பிப் போடுவான் டிலக்சன்,
பிறகு என்ன, பிறகு என்ன என்று
எந்நேரமும் கேட்கிறவன்.
அவவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

சைக்கிள் லைற் ஒட்டுசுட்டான் றோட்டில் திரும்பியது.
"நாளைக்கு விட்ட இடத்தில இருந்து" என்றாள் வேணுஜா.
"இல்லை, கழுவத் தொடங்கினதில இருந்து" என்றான் அவன்,
தகட்டைச் சுரண்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல்.

நான் திகதி போட்டேன்.