மீன்பை

வந்த வாரமே கொடுத்துவிட்டார்கள்
ஒரு சாவி, ஒரு அனுமதி அட்டை,
துணி துவைக்கும் நாள்களின் பட்டியல்.
இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்,
காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை
நிலவறை இயந்திரம் என்னுடையது.
பன்னிரண்டு ஐந்துக்கு ஃப்ராவ் ட்ஷூடி படியில் நிற்பார்,
கூடையோடும் குற்றமே சொல்லாத முகத்தோடும்.
அதற்கு ஓர் அறை வாங்கிக்கொள்ளலாம்.

பாசல் என்று எழுதுவதா பாஸல் என்று எழுதுவதா
என்பதே ஒரு மாதம் தீரவில்லை.

ஞாயிறுகளில் நடந்தேன்.
ஞாயிறு கடை கிடையாது,
காலி பாட்டிலைத் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம்.
ஆற்றோர அருங்காட்சியகம் ஒன்றில்
பழைய இரும்பெல்லாம் காரணமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது:
சக்கரம், சங்கிலி, ஒரு பொம்மைத் தலை.
பொத்தானை மிதித்தால் ஆடும், பிறகு நின்றுவிடும்.
அலுவலகத்தை நினைத்து
அன்று முதன்முறையாகச் சிரித்தேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கள், விடிகாலை நான்கு மணி.
ஊர் முழுக்க விளக்கை அணைத்தார்கள்.
இருட்டுக்குள் குழலும் பறையும் புறப்பட்டன,
ஒவ்வொரு முகமூடியின் தலையிலும் ஒரு சின்ன விளக்கு.
அன்று மதியம் வாத்துமுகம் ஒன்று
என் கழுத்துக்குள் காகிதத் துகளைக் கொட்டிப் போனது.
ஜூன் வரை கிடைத்துக்கொண்டிருந்தது
காலணியில், சாம்பார்ப் பொடியில்,
ஃப்ராவ் ட்ஷூடி துவைத்த வெள்ளைத் துண்டுகளில்.
கதவைத் தட்டி ஒரு துண்டை விரித்துக் காட்டினார்.
நீலத்தில் நான்கு, மஞ்சளில் ஒன்று.
மன்னிப்பை ஜெர்மனில் கோத்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்னொரு காலத்தில் இந்த ஊர்க் கடிகாரங்கள்
ஒரு மணி நேரம் முந்தி ஓடினவாம்.
ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை.
என் இடக்கையில் அப்போதும் கரூர் நேரம்தான்,
நாலரை மணி முந்தி.
மார்ச் கடைசி ஞாயிறு தூங்கி எழுந்தால்
அது மூன்றரையாகியிருந்தது.
யாரும் பயணம் செய்யவில்லை.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
தூக்கத்தில் தோளில் சாய்வதுபோல
கரூர் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நீந்தத் தெரியாது.
காவிரி ஓடும் மாவட்டத்தில் பிறந்துவிட்டு
இதைச் சொல்ல வெட்கம்.
உள்ளரங்குக் குளத்தில், ஏழு வயதுக்காரர்களோடு,
வியாழன் மாலைகளில் கற்றேன்.
ரெகூலாவுக்கு என்னில் பாதி வயது.
"மூச்சை விடுங்கள்," என்பாள்,
"யாரும் அதைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்."

ஆகஸ்ட். ஆரஞ்சு நிறத்தில் மீன் வடிவப் பை.
அதற்குள் சுடிதார், செருப்பு, கைபேசி, அனுமதி அட்டை.
வாயை ஏழு மடிப்பு மடிக்க வேண்டும்,
ஆறு போதாது என்கிறார்கள்.
மீனைக் கட்டிக்கொண்டு ரைனில் இறங்கினேன்.

நான் எதுவும் செய்யவில்லை.
என் அலுவலகக் கோபுரம் பின்னால் போனது,
பதினெட்டாம் மாடியில் என் நாற்காலி.
எதிர்க்கரையில் செங்கல் நிறத்துப் பேராலயம் போனது.
கம்பியில் தொங்கிய படகு ஒன்று மோட்டாரில்லாமல்
ஆற்றின் வேகத்தையே சாய்த்து வாங்கி அக்கரை போனது.
பாலத்தின் அடியில் எல்லோரும் கத்தினார்கள்,
எதிரொலிக்காக. நானும்.
என்ன கத்தினேன் என்று சொல்ல மாட்டேன், தமிழில்தான்.

ஏற நினைத்த படி போய்விட்டது.
அடுத்ததும்.
மூன்றாவதில் ஒரு கிழவர் கைகொடுத்து இழுத்தார்,
தபாலை வாங்கும் முகத்தோடு.

வெறுங்கால், சொட்டும் முடி, தோளில் மீன்.
டிராம் நிறுத்தத்தில் யாரும் திரும்பவில்லை.
அப்படியே சிவயோகமலர் அக்காவின் கடைக்குள் நுழைந்து
கறிவேப்பிலை கேட்டேன்.

"ஆத்துக்கையோ இறங்கினனீங்கள்?"
தராசை விட்டுவிட்டார்.
"இருபத்தொன்பது வருஷம் இந்தக் கரையில.
நான் கால்கூட நனைக்கேல்லை."

ஏழு மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காசு தேடினேன்.
நோட்டு நனையவே இல்லை.
அவர் அதைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.
துடுப்பைத் தொட்டார், கண்ணைத் தொட்டார்.
"இந்த மீனை எங்கை வாங்கினனீங்கள்?
பச்சையில இருக்கோ?"