தூசி நீக்கு

லியெபாயாவில் காற்று கடல் பக்கமிருந்துதான் வரும்.
அதோடு கூடவே வந்தார் மாருதா,
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு,
குளியல் துண்டில் சுற்றிய ஒரு சட்டகத்தோடு.

நிலவறையில் குழாய் வெடித்ததாம்.
நாலு நாள் யாரும் பார்க்கவில்லை.
அடிப்பிடித்த பால்போல
படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

பாஸ்போர்ட் படம் எடுப்பது என் பிழைப்பு.
இதெல்லாம் மழைக்கால உபரி.
பிரிக்காதீர்கள் என்றேன்,
பிரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும்.
அப்படியே கவிழ்த்துப் படுக்கவைத்தேன்
ஸ்கேனரின் தட்டில்.
மூடி படியவில்லை. என் கறுப்புக் கோட்டைப் போர்த்தினேன்.

விளக்கு நகர்ந்தது,
கடைசி டிராமைத் தவறவிட்டவர்
இனி என்ன அவசரம் என்று நடப்பதுபோல.

திரையில் உறைந்த ஏரி.
எழுபத்தொன்பது, பிப்ரவரி.
பனிப்பாளத்தில் துளையிட்டு மீனுக்குக் காத்திருக்கும் இருவர்.
"நிற்பது அர்விட்ஸ், என் கணவர்.
பெட்டிமேல் இமான்ட்ஸ். பெட்டி எங்களுடையது.
திருப்பித் தரவேயில்லை."

நீர்க்கறை, பூஞ்சை, நூலிழைக் கீறல்கள்.
மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: தூசி நீக்கு.
சொடுக்கினேன்.
கீறல் போயிற்று.
பூஞ்சைப் பொட்டுகள் போயின.
பனியும் போயிற்று.

அது பனி கொட்டிக்கொண்டிருந்த நாள்.
இயந்திரம் அதை எப்படி அறியும்?
வெள்ளையாய், சின்னதாய், முகத்தின் குறுக்கே வருவதெல்லாம்
அதற்குத் தூசி.
பக்கத்து நிறத்தில் ஒரு கிள்ளு எடுத்து
ஒவ்வொன்றின்மேலும் பூசிவிட்டது,
வீட்டைக் காலிசெய்யும் முன்
ஆணித்துளைகளை அடைக்கும் வாடகைக்காரன்போல.

துடைத்த வானத்தின்கீழ்
இரண்டு ஆண்கள் காலரை உயர்த்தி,
தோளைக் குறுக்கி, கண்ணை இடுக்கி
ஒன்றுமில்லாததைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

மாருதா சிரித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.
"திருப்பிக் கொடுங்கள்."

கட்டத்தை அணைத்தால் எல்லாம் திரும்பும்,
பனியும் தூசியும் ஒரே கூட்டமாய்.
இனி ஒவ்வொன்றாய்ப் பொறுக்க வேண்டியதுதான்.
அவருக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.
எட்டு மடங்கு பெரிதாக்கினேன்.

இது?
பனி.
இது?
பூஞ்சை. பார்த்தாலே மூக்கில் ஏறுகிறதே.
இது?
பனி. அதுவும் பனி. அந்த வரிசை முழுக்க.
இந்தக் கோடு?
எங்கள் பூனை. பேர் மறந்துவிட்டது.
இது, அர்விட்ஸின் இடது இமைமேல்?

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"பனி.
அவன் துடைக்கமாட்டான்.
கையில் தூண்டில் இருந்தால்
மூக்கு ஒழுகினாலும் துடைக்கமாட்டான்."
அதைத் தொடவில்லை நான்.

கடை மூடும் நேரம் தாண்டி ஒன்றரை மணி.
காகிதத்துக்கும் மைக்கும் மட்டும் பதினான்கு யூரோ.
இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.
கோட்டுக்குள் செருகிக்கொண்டு
காற்றுக்கு முதுகு காட்டியபடி போனார்.

வியாழக்கிழமை வேறு யாருடையதோ கல்யாணப் படம்.
ஜூன் மாத வெயில்.
மணப்பெண்ணின் காதருகே ஒரு வெள்ளைப் புள்ளி.
துடைத்தேன், மறுபடி வந்தது.
படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.
பெண் திரும்பினாள், புள்ளி திரும்பவில்லை.
அடுத்து ஒரு படகின் பாய்மரத்தில்.
அடுத்து ஞானஸ்நானக் குழந்தையின் நெற்றியில்.
இடமிருந்து ஒன்பது சென்டிமீட்டர், மேலிருந்து ஆறு.
தட்டுக் கண்ணாடியின் உட்புறம்,
என் துணி எட்டாத பக்கம்.

ஏரிப் படத்தின் கோப்பைத் திறந்தேன்.
அளவுகோல் தேவைப்படவில்லை.

நாலு திருகுகள்.
கண்ணாடியைத் தூக்கி ஒரே ஒரு மூச்சு ஊதினேன்.
எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.
குழந்தையின் நெற்றி சுத்தமானது.

மாருதாவின் எண்
ரசீதின் பின்பக்கத்தில் இருக்கிறது.
ரசீதுகளை நான் எறிவதில்லை,
வரிக் கணக்குக்காக.