பாக்கி

ஏழாவது மாதம்
பல் வலிக்க ஆரம்பித்தது.

கீழ்த்தாடை, இடது பக்கம்.
செங்காங் மருந்தகத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர்
"வருஷக்கணக்காய்ச் சொத்தை.
இத்தனை நாள் எப்படித் தூங்கினீர்கள்?" என்றார்.
தூங்கிய விதத்தை
அவரிடம் சொல்லவில்லை.

விட்டதுதான் பெரிய காரியம் என்று
எல்லாரும் கைகுலுக்குகிறார்கள்.
செவ்வாயும் வெள்ளியும் குப்பியில் சிறுநீர் தருகிறேன்.
தேறிவிடுகிறேன்.
வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால்
கூடம் கிடக்கும் கோலம் தெரிகிறது.

போர் வந்தால் ஒளிந்துகொள்ள
வீவக கட்டிக்கொடுத்த பாம் ஷெல்ட்டர்,
இரும்புக் கதவு, தடித்த சுவர்.
அதற்குள்தான் கடிதங்களை ஒளித்திருந்தேன்.
நாலு ஃபேர்பிரைஸ் பை, பிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை
கோப்பி ஓ ஒரு பை கட்டி வாங்கிவந்து
தரையில் உட்கார்ந்து பிரித்தேன்.
நகர மன்றம். நகர மன்றம்.
மின்சாரம், சிவப்பு எழுத்தில்.
மூடிப்போன ஜிம் ஒன்றின் சந்தா.
நகர மன்றம்.
அப்புறம், மூன்றாம் வகுப்பு லோஷினியின் பள்ளிக்கூடம்:
பெற்றோர் சந்திப்பு, வெள்ளி மாலை நான்கு மணி.
அடியில் வெட்டி அனுப்ப ஒரு துண்டு.
வருவேன். வர இயலாது.
இரண்டு கட்டமும் காலி.

லோஷினி இப்போது
உட்லண்ட்ஸில் அவள் அம்மாவோடு இருக்கிறாள்,
பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.
பேனா தேடி எடுத்து
'வருவேன்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
மை வரவில்லை.
தாளில் பள்ளம் மட்டும் விழுந்தது.

திங்கள், நகர மன்ற அலுவலகம்.
வரிசை எண் 4071.
கவுண்டரில் ஹஃபிஸா என்ற பெண்
பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கேள்வி எதுவும் கேட்கவில்லை.
தட்டித் தட்டிக் கணக்குப் போட்டு
"மாசம் இருபத்தஞ்சு வெள்ளி, அங்கிள்,
முப்பத்தொரு மாசம், பொலே?" என்றாள் மலாயில் பாதி.

முப்பத்தொரு மாதம்.
நாளைக் காலை வரைக்கும்தான்
திட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள் எனக்கு.
அதற்கு மேல் யோசிக்காதே என்று
சுவரில்கூட ஒட்டியிருக்கிறது.
இந்தக் கணினியானால்
முப்பத்தொரு மாதம் கழித்தும் நான் இருப்பேன் என்று நம்பி
அச்சடித்துத் தருகிறது.
கையெழுத்துப் போடும்போது
என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.
திரும்பப் போட்டேன்.

புதன், பல்லைப் பிடுங்கினார்கள்.
வலிக்கு எழுதப்போன டாக்டரின் கையைத் தடுத்து
"கோடின் சேர்ந்தது வேண்டாம்" என்றேன்.
"ஏன்?"
சொன்னேன்.
முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்
கொஞ்சம் நின்று,
அடித்துவிட்டு பனடால் எழுதின.

பஞ்சைக் கடித்தபடி எல்ஆர்டியில் வருகிறேன்.
ஜன்னலில் புளோக்குகள், புளோக்குகள், துணிக்கம்பங்கள்.
மரத்த பாதி வாயோடு
லோஷினியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு
இன்று பேசினால் குழறும் என்று
எனக்கே சமாதானம் சொல்கிறேன்.

குழறினால் என்னவென்று
நினைத்துக்கொள்வாள், தெரியும்.

மரப்பு போக இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.
நாக்கு குழிக்குப் போய்ப்போய்த் திரும்புகிறது.